‘நாலு யூனிட் ரெடி பண்ணுங்க!’

புற்றுநோய் ஆபரேஷனும் ரத்தமும் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகள். பதில் சொல்வது, இருபத்திரண்டு வருடமாக ஆபரேஷன் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு மயக்க மருந்து டாக்டர்.

கே: அப்பாவுக்குக் கல்லீரலில் கட்டி. ‘நாலு யூனிட் ரெடி பண்ணுங்க’ என்றார்கள். ஹாஸ்டலையே கூட்டிப் போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். கடைசியில் ஒரு பைகூட ஏற்றவில்லை. ஏமாந்துவிட்டேனா?
(கல்லூரி மாணவர், திருச்சி)

ப: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு வருத்தப்படும் மகனை இப்போதுதான் பார்க்கிறேன். கல்லீரலில் கத்தி வைப்பதற்கு முன் ரத்தத்தைப் பொருத்திப் பார்த்து, நோயாளி பெயரில் ஒதுக்கி வைப்பது வழக்கம். தேவைப்படாவிட்டால் ஒதுக்கீடுதான் ரத்து, ரத்தம் ரத்தாகாது. சிவப்பணுப் பை குளிர்பெட்டியில் ஐந்து, ஆறு வாரம் தாங்கும். உங்கள் ஹாஸ்டல்காரர்களின் ரத்தம் இந்நேரம் ஒரு பிரசவத்திலோ விபத்திலோ வேலைக்குச் சேர்ந்திருக்கும். நன்றி சொல்வதாக இருந்தால் ஏற்றாமல் முடித்த டீமுக்குச் சொல்லுங்கள். பை பையாக ஏற்றுவது சுலபம். ஏற்றாமல் இருக்கத் துணிச்சல் வேண்டும், அந்தத் துணிச்சலுக்கு ஆதாரமும் வேண்டும்.

கே: எப்படியிருந்தாலும் ரத்தம் ஏற்றினால் உடம்புக்குத் தெம்புதானே?
(இல்லத்தரசி, நாமக்கல்)

ப: அது மாதுளை ஜூஸ் இல்லையம்மா. முன்பின் தெரியாத ஒருவரின் உடம்பில் ஒரு பங்கு. தேவையில்லாமல் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கலாம், காய்ச்சல் வரலாம், ஒவ்வாமை வரலாம். தெம்புக்கு முட்டை சாப்பிடுங்கள், நாமக்கல்லில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா!

கே: அம்மாவின் பில்லில் ‘டெக்’ என்று மூன்று இடத்தில் போட்டிருக்கிறார்கள். ‘அப்படி ஒரு டெஸ்ட்டே கிடையாது’ என்கிறார் இன்ஷூரன்ஸ்காரர்.
(வங்கி ஊழியர், கோவை)

ப: அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. 1948-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்கில் ஹெல்முட் ஹார்டெர்ட் என்ற டாக்டர் வெளியிட்ட முறை. முழுப்பெயர் த்ராம்போஎலாஸ்டோகிராஃபி. வாயில் நுழையாததால் டெக். ரோட்டெம் என்று ஒரு தம்பியும் உண்டு.

மைசூர்பாகு கிண்டும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சர்க்கரை கொதிக்கும்போது பாட்டி கரண்டியிலிருந்து ஒரு சொட்டு எடுப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிரிப்பார். கம்பி இழுக்கிறதா, இழுத்த கம்பி நிற்கிறதா, அறுகிறதா? அதுதான் பதம். பாகில் எத்தனை கிராம் சர்க்கரை என்று பாட்டி ஒருநாளும் கேட்டதில்லை.

ஹார்டெர்ட் செய்ததும் பதம் பார்ப்பதுதான். ஒரு குட்டிக் கிண்ணத்தில் 0.36 மில்லி ரத்தம், ஏழெட்டுச் சொட்டு. கிண்ணம் தொட்டில் மாதிரி 4.75 டிகிரி அளவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். நடுவில் ஒரு சின்னக் கம்பு தொங்கும். ரத்தம் தண்ணீராக இருக்கும்வரை கிண்ணம் ஆடினாலும் கம்பு அசையாது. உறைய ஆரம்பித்ததும் இழை இழையாகக் கம்பைப் பிடித்துக்கொள்ளும், கிண்ணத்தோடு கம்பும் ஆடும். அந்த ஆட்டம் திரையில் கோடாக விழும்.

முதலில் ஒற்றைக் கோடு. பிறகு அது இரண்டாகப் பிரிந்து வயிறு பெருக்கும். ரொம்ப நேரம் பிரியாமலே போனால் உறைய வைக்கும் காரணிகள் பற்றவில்லை என்று அர்த்தம். பிரிந்தும் வயிறு ஒட்டிக் கிடந்தால் இழைக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜனோ, பிளேட்லெட் அணுக்களோ குறைவு. பெருத்த வயிறு மறுபடி சுருங்கினால் உறைந்தது கரைகிறது. இப்போதைய இயந்திரங்களில் கிண்ணமும் கம்பும் போய்க் கார்ட்ரிட்ஜ் வந்துவிட்டது, கேள்வி அதேதான். மூன்று முறை பார்த்திருக்கிறார்கள் என்றால் மூன்று முறை சந்தேகம் வந்திருக்கிறது. இன்ஷூரன்ஸ்காரரிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள்.

கே: அதற்குத்தான் ஐ.என்.ஆர். இருக்கிறதே? காலம் காலமாக அதைத்தானே பார்க்கிறோம்?
(ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், மதுரை)

ப: வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். அந்தப் பரிசோதனையின் தாய் 1935-இல் அர்மண்ட் குயிக் கொண்டுவந்தது. நல்ல பரிசோதனை, நாம் கேட்கும் கேள்விதான் தப்பு. ரத்தத்தைச் சுழற்றி அணுக்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மேலே நிற்கும் பிளாஸ்மாவில் முதல் இழை தோன்றும் நேரத்தை மட்டும் அளக்கிறீர்கள். அந்த இழை கயிறாகுமா, தாங்குமா, அறுமா என்று அது சொல்லாது. ஐ.என்.ஆர். என்ற கணக்கே வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஊருக்கு ஊர் ஒரே அளவு வரட்டும் என்று போட்டது.

கல்லீரலில் பாதியை வெட்டி எடுத்த மறுநாள் ஐ.என்.ஆர். ஏறியிருக்கும். பார்த்ததும் வார்டில் பதற்றம், நாலு பை பிளாஸ்மாவுக்குச் சீட்டு. ஆனால் கல்லீரல் தயாரிப்பது உறைய வைக்கும் பொருள்களை மட்டுமல்ல. உறைதலுக்குக் கடிவாளம் போடும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் எல்லாம் அதே தொழிற்சாலைதான். இரண்டும் சேர்ந்து குறைகின்றன. ஐ.என்.ஆர். ஒரு கட்சியின் ஓட்டை மட்டும் எண்ணிவிட்டு முடிவை அறிவிக்கிறது! அதே ஆளுக்கு டெக் போட்டால் பெரும்பாலும் கோடு இயல்பாக இருக்கும். சிலருக்கு அளவுக்கு மீறி உறையும் பக்கமே சாய்ந்திருக்கும். அவருக்குப் பிளாஸ்மா கொடுத்தால் எண் அழகாகும், நோயாளிக்கு லாபம் எதுவும் இல்லை.

இன்னொன்று நேரம். தியேட்டரிலிருந்து குழாய் லிஃப்டில் இறங்கி, லேபில் சுழன்று, பதில் மேலே வர முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம். ரத்தம் கொட்டும்போது அந்தப் பதில் நேற்றைய பஞ்சாங்கம்.

கே: புற்றுநோய் வந்தால் ரத்தம் உறையாது என்கிறார் சித்தப்பா. கட்டி கட்டியாக உறையும் என்கிறார் மாமா. வீட்டில் சண்டை.
(வாசகி, காரைக்குடி)

ப: சித்தப்பாவும் ஜெயித்தார், மாமாவும் ஜெயித்தார். சாதாரண நாளில் மாமா பக்கம்தான் நியாயம். பல புற்றுக்கட்டிகள் உறைதலைத் தூண்டும் பொருளை ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. இதை 1865-இல் பாரிஸில் அர்மண்ட் த்ரூசோ என்ற பெரிய மருத்துவர் பாடமாகவே நடத்தினார். காரணமில்லாமல் நரம்பில் ரத்தம் கட்டினால் உள்ளே புற்று ஒளிந்திருக்கிறதா என்று தேடு என்றார். 1867 புத்தாண்டு சமயத்தில் அவருக்கே அப்படிக் கட்டியது. தனக்கு என்ன வந்திருக்கிறது என்று அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதே வருடம் ஜூனில் வயிற்றுப் புற்றில் இறந்தார். தன் பாடத்துக்குத் தானே உதாரணமாகப் போனவர்.

ஆபரேஷன் மேஜையில் சித்தப்பா முந்துகிறார். ரத்தம் போகிறது, ஈடு கட்ட ஏற்றும் சலைன் மிச்ச ரத்தத்தை நீர்க்க வைக்கிறது, உடம்பு குளிர்கிறது. பைகளில் உள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் இல்லாமல் உறைதல் நடக்காது. காலையில் உறையும் நோயாளி, மதியம் கசியும் நோயாளி, ராத்திரி மறுபடி உறையும் நோயாளி. ஒரே ஆள்தான். அதனால்தான் ஒரு தடவை பார்த்துவிட்டு விட முடிவதில்லை.

கே: தியேட்டருக்குள் நிஜமாக என்ன நடக்கும்? வெளியே உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்கிறேன்.
(பெயர் வேண்டாம், சிவகாசி)

ப: சினைப்பைப் புற்று வயிற்று உறை முழுக்கப் பரவியிருக்கும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்குத் தொடங்கும். சர்ஜன் உறையைத் தோல் உரிப்பது போலப் பகுதி பகுதியாக உரித்தெடுப்பார். அது முடிந்த பிறகு 41 முதல் 43 டிகிரி வரை சூடேற்றிய கீமோ மருந்தை வயிற்றுக்குள் ஓட விடுவோம், ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். முற்பகல் முழுக்க அந்த அம்மாவைக் குளிராமல் சூடாக வைக்கப் போராடுவேன். கீமோ ஓடும்போது அதே அம்மாவின் தோள்பக்கம் ஐஸ் பை வைப்பேன். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

மதியம் இரண்டு மணி வாக்கில்தான் வழக்கமாகச் சிக்கல். பெரிய ரத்தக் குழாய் எதுவும் அறுந்திருக்காது. ஆனால் உரித்த பரப்பு முழுக்க வியர்வை மாதிரி ரத்தம் துளிர்க்கும். துடைத்தால் மறுபடி துளிர்க்கும். சர்ஜன் தலை நிமிராமலே ‘ஊறுதே’ என்பார். நர்ஸ் நனைந்த பஞ்சுத்துணிகளைத் தராசில் வைத்து எடை சொல்லுவார். ஒரு கிராம் கூடினால் ஏறக்குறைய ஒரு மில்லி ரத்தம். சக்ஷன் பாட்டிலை ஒரு கண், தராசை ஒரு கண் பார்த்துக் கூட்டிப் போடுவேன்.

பழைய வழக்கப்படி இந்த இடத்தில் ஃபோனை எடுத்து ‘நாலு பிளாஸ்மா, நாலு பிளேட்லெட், ரெண்டு ரத்தம்’ என்பேன். ரசம் மட்டும் கேட்டவனுக்கு ஃபுல் மீல்ஸ்! இப்போது நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்துப் பக்கத்து மேஜையில் இருக்கும் இயந்திரத்தில் போடுகிறேன். ஒரே ரத்தம், வெவ்வேறு வாய்க்கால்களில் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்றில் எல்லாம் சேர்ந்து உறையும். இன்னொன்றில் மருந்து போட்டுப் பிளேட்லெட்டைத் தூங்க வைத்துவிடுவோம், என் தொழில் அங்கேயும் வந்துவிட்டது. தூங்க வைத்த பிறகும் வருகிற பலம் ஃபைப்ரினோஜனுடையது. அந்தக் கோடு மட்டும் ஒல்லியாக இருந்தால் குறைவது எது என்று தெரிந்துபோகும். பத்து, பதினைந்து நிமிடத்தில் தகவல் கையில்.

பெரிய ரத்த இழப்பில் முதலில் தரைதட்டுவது பெரும்பாலும் ஃபைப்ரினோஜன்தான். இயல்பாக டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் இருக்கும். 150-க்குக் கீழே போனால் கசிவை நிறுத்துவது கஷ்டம். அதை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் சர்ஜனின் குரல் மாறியிருக்கும். ‘காயுது’ என்பார். தியேட்டரில் எனக்குப் பிடித்த சொல் அது.

ஒரு எச்சரிக்கை. பெரிய குழாய் கிழிந்து குபுகுபுவென்று வந்தால் கோட்டுக்காகக் காத்திருக்க மாட்டோம். முதலில் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் எல்லாம் கலந்து ஏற்றுவோம். அப்போது ஃபுல் மீல்ஸ்தான் சரி.

கே: தியேட்டரில் சர்ஜன் பெரியவரா, நீங்கள் பெரியவரா?
(குறும்புக்காரர், கும்பகோணம்)

ப: ரத்தம் வந்துகொண்டே இருக்கிறது, டெக் கோடு அழகாக இருக்கிறது என்றால் குற்றம் ரத்தத்தில் இல்லை. எங்கோ ஒரு குழாய் கட்டப்படாமல் இருக்கிறது. திரையைச் சர்ஜன் பக்கம் திருப்பி வைப்பேன். அவர் ஊசிநூல் கேட்பார். யார் பெரியவர் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கே: ‘க்ரையோ பத்து வாங்கிட்டு வாங்க’ என்றார்கள். ரத்த வங்கியில் மஞ்சளாக, உறைந்த குல்ஃபி மாதிரி கொடுத்தார்கள். ரத்தமே இல்லையே!
(ஆட்டோ ஓட்டுநர், வேலூர்)

ப: குல்ஃபி நல்ல உவமை, ருசி பார்க்காதவரை. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் பூல் என்ற பெண் விஞ்ஞானி ஒன்றைக் கவனித்தார். உறைந்த பிளாஸ்மாவை அவசரப்படாமல் குளிரிலேயே உருக விட்டால் அடியில் ஒரு வண்டல் தங்குகிறது. தயிரை நிறுத்தி வைத்தால் கெட்டியாகத் தங்குமே, அந்த மாதிரி. ஹீமோஃபிலியாக்காரர்களுக்கு வேண்டிய எட்டாம் காரணி அந்த வண்டலில் குவிந்து கிடந்தது. ஃபைப்ரினோஜனும் அங்கேதான். அந்த வண்டல்தான் உங்கள் க்ரையோ. பெரிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம், சாதாரண ரத்த வங்கியிலேயே பிரித்துவிடலாம். அதனால்தான் அது வேலூர் வரை வந்திருக்கிறது.

கணக்குப் பாருங்கள். பத்துக் க்ரையோ சேர்ந்து ஏறக்குறைய 200 மில்லி, அதில் இரண்டு கிராம் அளவில் ஃபைப்ரினோஜன். அதே இரண்டு கிராமைப் பிளாஸ்மாவில் எடுக்க நாலைந்து பை, ஒரு லிட்டர் ஆகும். ஏற்கெனவே நீர் கோத்திருக்கும் நோயாளிக்கு அந்த ஒரு லிட்டர் பாரம். உருக்கிய பிறகு க்ரையோ சில மணி நேரம்தான் தாங்கும். வழியில் டீ குடிக்க நிறுத்தாமல் கொண்டுபோனீர்கள்தானே?

கே: மாதவிலக்கு அதிகமானால் என் மனைவி சாப்பிடும் டிரனெக்ஸாமிக் மாத்திரையை, என் அண்ணனுக்குக் குடல் புற்று ஆபரேஷனில் ஊசியாகப் போட்டார்களாம். பெண்கள் மருந்தை ஆணுக்குப் போடலாமா?
(ஆசிரியர், தூத்துக்குடி)

ப: ரத்தத்துக்கு ஆண், பெண் தெரியாது சார். உறைந்த கட்டி அவசரமாகக் கரையாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து அது. 1962-இல் ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் கண்டுபிடித்தார்கள். பிரசவத்தில் ரத்தம் போய் இறக்கும் தாய்மார்களுக்காகத்தான் அந்த அம்மாள் ஆசைப்பட்டார். அவர்களுக்கு இந்த மருந்து உதவும் என்று உறுதி செய்த 20,060 பெண்களின் பெரிய ஆய்வு 2017-இல்தான் வந்தது. அதற்கு முந்தின வருடம் அவர் காலமாகிவிட்டார்.

இதய ஆபரேஷன் அல்லாத மற்ற பெரிய ஆபரேஷன்களில் 9,535 பேரிடம் சோதித்து 2022-இல் வெளியான ஆய்வில், பெரிய ரத்தக்கசிவு 11.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. ரத்தம் கட்டும் ஆபத்து கூடவில்லை என்று மட்டும் அந்த ஆய்வால் அடித்துச் சொல்ல முடியவில்லை. புற்றுநோயாளி மாமா கட்சி என்பதை மறக்காதீர்கள். காலில் ஏற்கெனவே ரத்தம் கட்டியவருக்கு நான் யோசித்துத்தான் போடுவேன்.

கே: ரத்தம் ஏற்றினால் புற்று திரும்ப வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா?
(வாசகர், ஈரோடு)

ப: வாட்ஸ்அப்புக்கு இந்த முறை பாதி மதிப்பெண். அடுத்தவர் ரத்தம் நம் நோய் எதிர்ப்பைக் கொஞ்ச காலம் மந்தமாக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ரத்தம் ஏற்றப்பட்ட புற்றுநோயாளிகளுக்குப் பின்னாளில் நிலைமை சற்று மோசம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் யாருக்கு ரத்தம் ஏற்றுகிறோம்? கட்டி பெரிதானவர்க்கு, ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்க்கு, ஆபரேஷன் சிக்கலானவர்க்கு. கெட்டது நடந்தது ரத்தத்தாலா, ரத்தம் தேவைப்பட்ட நிலைமையாலா என்று பிரித்துச் சொல்ல இன்னும் முடியவில்லை. தேவையான ரத்தத்தை வாட்ஸ்அப்பைப் பார்த்து மறுத்தால் புற்று திரும்பும்வரை காத்திருக்கவே வாய்ப்பில்லாமல் போகும்.

கே: இவ்வளவு நல்ல இயந்திரம் என்றால் எல்லா ஆஸ்பத்திரியிலும் ஏன் இல்லை? விற்பனைக்காக ஊதிப் பெரிதாக்குகிறீர்களா?
(சந்தேகப் பிராணி, சேலம்)

ப: உங்களை மாதிரி நாலு பேர் ஒவ்வொரு ஆஸ்பத்திரி கொள்முதல் கமிட்டியிலும் வேண்டும்.

குறையை முதலில் சொல்கிறேன். ஆஸ்பிரின் சாப்பிட்டவரின் பிளேட்லெட் மந்தம் சாதாரண டெக்கில் தெரியாது. நோயாளி 34 டிகிரியில் நடுங்கிக்கொண்டிருப்பார், இயந்திரமோ ரத்தத்தை 37-க்குச் சூடாக்கிவிட்டு ‘எல்லாம் நலம்’ என்று எழுதும். கார்ட்ரிட்ஜ் விலையும் அதிகம்.

ஆதாரமும் எல்லா இடத்திலும் ஒரே பலம் இல்லை. 1985-இல் பிட்ஸ்பர்க்கில் கல்லீரல் மாற்று ஆபரேஷன்களுக்கு டெக் பார்த்து ரத்தம் ஏற்றியபோது, ஏற்றிய ரத்தமும் நீர்மமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அங்கிருந்துதான் இது தியேட்டர்களுக்குப் பரவியது. 2016-இல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அலசல், ரத்தச் செலவு குறைகிறது, உயிரும் பிழைக்கக்கூடும், ஆனால் ஆதாரத்தின் தரம் குறைவு என்றது. அவற்றிலும் பெரும்பாலானவை இதய ஆபரேஷன்கள். 2021-இல் ஐரோப்பாவில் விபத்து நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இந்த இயந்திரத்தைப் பார்த்துக் கொடுத்ததற்கும் சாதாரண லேப் முடிவைப் பார்த்துக் கொடுத்ததற்கும் வித்தியாசமே தெரியவில்லை. புற்றுநோய் ஆபரேஷனுக்கென்று அவ்வளவு பெரிய ஆய்வு எதையும் உங்கள் முன் எடுத்துப் போட என்னிடம் இல்லை.

என் கட்சி இது. கல்லீரல் வெட்டு, வயிற்று உறை உரிப்பு மாதிரி லிட்டர் கணக்கில் ரத்தம் போகும் இடத்தில் டெக் வேண்டும். மார்பகக் கட்டிக்கும் தைராய்டுக்கும் அதைப் போட்டுப் பில் எழுதினால் நீங்கள் சண்டை போடலாம்.

வாங்கினால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நான் கொஞ்ச நாள் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் இயந்திரத்துக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்குப் பொட்டும் வைத்தார்கள். கார்ட்ரிட்ஜ் மட்டும் தேதி முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ராத்திரி டியூட்டியில் கோட்டைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. கோட்டைப் பார்த்ததும் எதை எவ்வளவு கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டாத தியேட்டரில் இந்த இயந்திரம் கொலு பொம்மை.

கே: எனக்கு அடுத்த மாதம் இரைப்பை ஆபரேஷன். ரத்தம் ஏற்றாமல் தப்பிக்க நான் என்ன செய்ய வேண்டும்?
(வாசகி, புதுச்சேரி)

ப: இந்த வாரத்தின் சிறந்த கேள்வி, பரிசு எதுவும் இல்லை.

இன்றைக்கே ஹீமோகுளோபினும் இரும்புச்சத்து அளவும் பாருங்கள். இரைப்பைப் புற்று சத்தமில்லாமல் ரத்தத்தைக் கசியவிடும். உங்கள் ஹீமோகுளோபின் எட்டு என்றால் மாத்திரைக்குப் பதில் இரும்பு ஊசி வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது வேலை செய்ய இரண்டு, மூன்று வாரம் எடுக்கும். முந்தின நாள் சாயங்காலம் கேட்டால் என்னால் ரத்தம்தான் தர முடியும்.

அடுத்து, வீட்டில் இருக்கும் மருந்து டப்பாவை அப்படியே ஒரு பையில் கொட்டி எடுத்து வாருங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள், நாட்டு மருந்துக் கடைப் பொடி, மூட்டு வலிக்குப் பக்கத்து வீட்டு மாமி கொடுத்தது எல்லாம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எதை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று நாங்கள் சொல்வோம். பல் பிடுங்கியபோதோ பிரசவத்திலோ ரத்தம் நிற்காமல் போனதுண்டா என்று கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வான் வில்லிபிராண்ட் என்ற பிறவிக் குறையை டெக்கும் தவறவிடும், உங்கள் வாய் தவறவிடாது.

திங்கட்கிழமையே போய் ரத்தப் பரிசோதனை கொடுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.